ஒரு பயிருக்குள் எத்தனை நாள் கூலி

மரினாலேடாவில் நான் தங்கியிருந்த வீட்டின் சமையலறைச் சுவரில், எரிவாயு உருளைக்கு மேலே, ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் சில தேதிகளின் மேல் நீலப் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. மற்றவை வெறுமையாக இருந்தன. 2014 ஜனவரியில் அங்கே போய்ச் சேர்ந்த முதல் நாள் இரவு, பால்காரருக்குக் கணக்கு வைப்பதைப் போன்ற ஏதோ ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டபோது, ஒரு கோடு என்றால் ஒரு நாள் கூலி என்றார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவர், சிறுமியாக இருந்தபோது தம் தாயார் கதவுக்குப் பின்னால் சுவரில் கரித்துண்டால் இதே கோடுகளைப் போட்டு வந்ததாகவும், பேனாவும் நாட்காட்டியும் மட்டுமே புதியவை என்றும் சொன்னார்.

ஸ்பெயினின் தெற்கே, அந்தாலூசியாவில், செவியா நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,700 பேர் வாழும் ஊர் மரினாலேடா. வெள்ளையடித்த தாழ்வான வீடுகளும், ஊரை நெடுகக் கடக்கும் விடுதலைச் சாலையும், அந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சில நிமிடங்களில் கண்ணில் படுகிற ஆலிவ் மரங்களும்தான் அந்த ஊர். விளையாட்டு அரங்கின் சுவரில் சே குவேராவின் முகம் பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடுகிற பயணிகள் ஏராளம். நானும் முதலில் அந்தச் சுவரைப் பார்க்கத்தான் போனேன் என்றாலும், பத்து நாள் தங்க வைத்தது அந்த நாட்காட்டிதான்.

‘ஹொர்னால்’ என்றால் ஸ்பானிய மொழியில் நாட்கூலி. அதை நம்பி வாழ்கிறவர் ‘ஹொர்னலேரோ’. அந்தாலூசியாவில் நிலம் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடம் குவிந்து கிடந்தது. ஊரில் பெரும்பாலானோருக்குக் கையளவு நிலமும் இல்லை. விடியற்காலையில் ஊர்ச்சதுக்கத்தில் ஆண்கள் கூடி நிற்பார்கள். ‘மனிஹேரோ’ எனப்படும் மேஸ்திரி வந்து, அன்றைக்குத் தேவையான ஆட்களை விரல் நீட்டிப் பொறுக்கி எடுப்பார். பொறுக்கப்படாதவர்கள் வீடு திரும்ப வேண்டியதுதான். யார் வாயடக்கமாக இருக்கிறார், யார் சங்கம் பேசுகிறார் என்பதெல்லாம் அந்த விரலுக்குத் தெரியும். 1950களிலும் 60களிலும் இந்த வட்டாரத்திலிருந்து பெருந்திரளான மக்கள் கட்டலோனியாவுக்கும் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பிழைக்கப் போனார்கள். போகாதவர்கள் செப்டம்பரில் பிரான்சுக்குத் திராட்சை பறிக்கப் போய் வந்தார்கள்.

சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975இல் இறந்த மறு ஆண்டு, அந்தாலூசியாவில் நிலக்கூலிகளுக்கான தொழிற்சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1979இல் நடந்த முதல் சுதந்திரமான உள்ளாட்சித் தேர்தலில், அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவரும் வரலாற்று ஆசிரியருமான ஹுவான் மனுவேல் சாஞ்செஸ் கோர்தியோ மரினாலேடாவின் மேயரானார். 1980 ஆகஸ்டில் ஊரில் சுமார் 700 பேர், ஒரு வாரத்துக்கும் மேலாக, ‘பசிக்கு எதிரான பட்டினிப் போராட்டம்’ நடத்தினார்கள். ஆகஸ்டு என்பது தற்செயல் இல்லை. அந்த மாதத்தில் வயலில் வேலை கிடையாது. எப்படியும் பட்டினி கிடக்க வேண்டிய மாதத்தில்தான் அவர்கள் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கக் கிடந்தார்கள். வீட்டுக்கார அம்மாளின் தாயார் அந்தப் போராட்டத்தில் உட்கார்ந்தவர்.

உழுதவனுக்கே நிலம் என்ற முழக்கம் நமக்குப் புதிதல்ல. அங்கே அது ஒரு குறிப்பிட்ட பண்ணையைச் சுட்டியது: ‘எல் உமோசோ’. ஊருக்கு வடக்கே, நடந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தொலைவிலுள்ள அந்தப் பண்ணை இன்ஃபந்தாதோ பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தது. அவருடைய மொத்த நிலம் 17,000 ஹெக்டேர், அதாவது நாற்பதாயிரம் ஏக்கருக்கும் மேல், என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நிலத்தைக் கேட்பதற்கு முன் ஊரார் தண்ணீரைக் கேட்டார்கள் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1984இல் ஹெனில் ஆற்றின் மீதுள்ள கோர்தோபியா அணைப்பகுதியை ஒரு மாதம் ஆக்கிரமித்து, எல் உமோசோவுக்குப் பாசனம் வேண்டும் என்றார்கள். வானம் பார்த்த நிலமாக இருக்கும்வரை அங்கே கோதுமையும் சூரியகாந்தியும்தான் விளையும். அவை இரண்டும் இயந்திரப் பயிர்கள். டிராக்டர் விதைக்கும், அறுவடை இயந்திரம் அறுக்கும், ஓட்டுநர் இருவருக்கு வேலை இருக்கும், ஊர் வேடிக்கை பார்க்கும். தண்ணீர் வந்தால் பயிர் மாறும். பயிர் மாறினால் ஆள் வேண்டும். நிலம் யாருடையதாக இருந்தாலும் கூலியை நிர்ணயிப்பது பயிர்தான் என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டிருந்தார்கள்.

அதன்பின் பல ஆண்டுகள் பண்ணைக்குள் போய் உட்காருவதும், காவல்துறை வந்து வெளியேற்றுவதும், மறுநாள் காலை மீண்டும் நடந்து போவதுமாக நீண்டது போராட்டம். கடைசியில் 1991இல் அந்தாலூசிய அரசு பிரபுவுக்கு இழப்பீடு கொடுத்து 1,200 ஹெக்டேரை எடுத்து, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பயன்பாட்டுக்கு விட்டது. நம் கணக்கில் கிட்டத்தட்ட 3,000 ஏக்கர். நிலத்தை ஊராருக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. அவர்களும் அப்படிக் கேட்கவில்லை. குடும்பத்துக்கு ஓரிரண்டு ஹெக்டேர் என்று பங்கிட்டிருந்தால் பத்தாண்டுகளில் பாதி விற்கப்பட்டிருக்கும் என்று, போராட்டத்தில் இருந்த முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

நிலம் கையில் வந்த பிறகு எடுத்த முடிவுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எந்தப் பண்ணை நிர்வாகியும் ஹெக்டேருக்கு எவ்வளவு லாபம் என்று கேட்டுத்தான் பயிரைத் தேர்ந்தெடுப்பார். மரினாலேடாக்காரர்கள் ஹெக்டேருக்கு எத்தனை நாள் கூலி என்று கேட்டார்கள். ஆலிவ் நட்டார்கள். பாசனம் உள்ள இடத்தில் குடைமிளகாய், ஆர்ட்டிசோக், ‘ஆபா’ எனப்படும் பெரிய அவரை ஆகியவற்றைப் போட்டார்கள். ஆர்ட்டிசோக் என்பது முள்செடிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூமொட்டு. விரிவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கையால் வெட்ட வேண்டும், ஒரே செடிக்குப் பலமுறை திரும்பி வர வேண்டும். அவரையும் அப்படியே. இவையெல்லாம் கணக்குப் பிள்ளைக்குத் தலைவலி தரும் பயிர்கள். அந்தத் தலைவலியைத்தான் இவர்கள் விரும்பி வாங்கினார்கள்.

வயலோடு நிறுத்தவில்லை. விளைந்ததை மூட்டையாக விற்றால் கூலி வயலோடு முடிந்துவிடும் என்பதால், மிளகாயைச் சுட்டு உரித்துப் புட்டியில் அடைக்கவும், ஆர்ட்டிசோக்கையும் அவரையையும் பதப்படுத்தவும் ஊரிலேயே ஆலை வைத்தார்கள். ஆலிவ் எண்ணெய் ஆட்டும் செக்காலையும் வந்தது. குனிந்து வேலை செய்ய இடுப்பு ஒத்துழைக்காத வயதில் இருந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அந்த ஆலை எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை நான் அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டாம் முறை போனபோதுதான் கண்ணால் பார்த்தேன். ‘பிகியோ’ என்று ஒரு சிறு சிவப்பு மிளகாய் உண்டு. காரம் கிடையாது, நுனி கூர்ந்து முக்கோணமாக இருக்கும், உள்ளங்கையில் ஒன்று அடங்கும். தீயில் சுட்டதும் அதன் தோல் கருகிக் கழன்றுவிடும். தண்ணீரில் அலசினால் ஒரு நொடியில் சுத்தமாகிவிடும்தான், ஆனால் சுட்ட மணமும் சாறும் அதோடு போய்விடும் என்பதால் நல்ல பிகியோவைக் கழுவுவதில்லை. மேசையின் இருபுறமும் வெள்ளைத் தொப்பியும் கையுறையும் அணிந்து நின்ற பெண்கள், ஒவ்வொரு மிளகாயையும் எடுத்து, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளித் தோலை நீக்கி, சிறு கத்தியின் முனையால் காம்புப் பகுதியைச் சுழற்றி விதையோடு வெளியே இழுத்து, சதை கிழியாமல் அடுத்த தட்டில் வைத்தார்கள். எனக்கு ஒன்றைக் கொடுத்தார்கள்; மூன்று துண்டாகக் கிழித்து வைத்தேன். அங்கே கிழியாத மிளகாய்க்கு ஒரு விலை, கிழிந்ததற்கு வேறு விலை.

ஜனவரியில் பார்த்த ஆலிவ் அறுவடை இதற்கு நேர்மாறான வேலை. கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும் குளிரில், மரத்தடியில் பெரிய வலைகளை விரித்து, அடிமரத்தை இயந்திரம் பிடித்து உலுக்க, மிச்சத்தை நீண்ட கழிகளால் ஆண்கள் தட்டி உதிர்ப்பார்கள். வலை நிறைந்ததும் நால்வர் சேர்ந்து இழுத்துப் போவார்கள். மாலையில் வீடு திரும்பியதும் எல்லோரும் வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்து, மேசைக்கு அடியில் கணப்பை வைத்து, மேசைமேல் தொங்கும் கனத்த துணியை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். கால் சூடேறிய பிறகுதான் பேச்சு வரும். அந்த அம்மாள் எழுந்துபோய் நாட்காட்டியில் கோடு போடுவது அதற்கும் பிறகு.

அப்போது கூட்டுறவில் ஒரு நாள் கூலி 47 யூரோ. வயலில் ஆறரை மணி நேர வேலைக்கு. மேற்பார்வையாளருக்கும் அதே கூலிதான், மிளகாய் உரிப்பவருக்கும் அதே கூலிதான். லாபம் வந்தால் பங்கு பிரிப்பதில்லை. மேலும் வேலை உண்டாக்கப் போடுவார்கள். தனியார் பண்ணைகளில் கிடைத்த கூலியோடு ஒப்பிட்டால் இது குறைவில்லை, ஆனால் மாதத்தில் எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. அந்தாலூசியாவில் அந்தக் குளிர்காலத்தில் வேலை தேடியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள். மரினாலேடாவில் வேலையில்லாத் திண்டாட்டமே இல்லை என்று வெளியில் பலர் எழுதினார்கள். ஊருக்குள் யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. இருக்கிற நாட்களைப் பங்கிட்டுக்கொள்கிறோம் என்றுதான் சொன்னார்கள். எந்தக் குழு எந்த வேலைக்கு என்ற பட்டியலை முந்தின நாளே ஒட்டிவிடுவார்கள். வேலை குறைந்தால் சுழற்சி முறையில் எல்லோருக்கும் சில நாட்கள் வரும். வேலையின்மையை அவர்கள் ஒழிக்கவில்லை, அதை எல்லார் தலையிலும் சமமாக ஏற்றிவைத்தார்கள். அது சிறிய சாதனை என்று நான் நினைக்கவில்லை. சதுக்கத்தில் விரல் நீட்டி ஆள் பொறுக்கிய காலத்தை நினைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும்.

மாதத்தில் சில நாள் கூலியை வைத்துக்கொண்டு எப்படி வாழ முடிகிறது என்பதற்கு விடை வீட்டில் இருக்கிறது. நகரசபை மனையைத் தந்தது, அந்தாலூசிய அரசு கட்டுமானப் பொருளைத் தந்தது, வீடு வேண்டியோர் தங்கள் உழைப்பைத் தந்தார்கள். இப்படி 350 வீடுகள் அளவில் எழுந்திருந்தன. குடியேறிய பிறகு மாதத் தவணை அப்போது 15 யூரோ 52 சென்ட். நாட்கூலியில் மூன்றில் ஒரு பங்கு. அந்த வீட்டை விற்று லாபம் பார்க்க முடியாது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஸ்பெயின் முழுவதும் வங்கிக் கடன் கட்ட முடியாமல் குடும்பங்கள் வீட்டை இழந்து தெருவுக்கு வந்துகொண்டிருந்த ஆண்டுகளில், இந்த ஊரில் ஒரு குடும்பம் ஒரே நாள் வேலைக்குப் போய்க்கூட அந்த மாத வீட்டுத் தவணையைக் கட்டிவிட முடிந்தது. கூலியை உயர்த்துவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கூலியை விழுங்கும் செலவைக் குறைப்பது எவ்வளவு பெரிய கூலி உயர்வு என்பதை நான் இங்கேதான் புரிந்துகொண்டேன்.

இன்னொரு தூணையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. தெற்கு ஸ்பெயினின் விவசாயக் கூலிகளுக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆண்டில் வழக்கமாக 35 நாட்கள் வயலில் வேலை செய்ததற்கான பதிவு இருந்தால், ஆறு மாதத்துக்கு மாதம் 426 யூரோ என்பது அன்றைய அளவு. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த 35 நாளைக் குறைத்ததும் உண்டு. இத்துடன், நகரசபைகள் தெருவும் பூங்காவும் அமைத்து அதில் உள்ளூர்க் கூலிகளுக்கு வேலை தர அரசு பணம் ஒதுக்கும் திட்டம் ஒன்று 1980களிலிருந்து நடந்து வருகிறது. அந்த அம்மாளின் நாட்காட்டியில் கோடுகளை எண்ணிப் பார்ப்பதன் ஒரு காரணம் இதுதான்: முப்பத்தைந்தாவது கோடு விழுந்த நாளில் மூச்சு இலகுவாகும். மரினாலேடா அரசுப் பணத்தில் வாழ்கிறது என்று பழிப்பவர்கள், அதே பணம் சுற்றியுள்ள எல்லா ஊர்களுக்கும் வருகிறது என்பதையும், பெருநிலக்காரர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானியம் நில அளவின்படி போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

சுற்று வட்டாரத்தைப் பார்த்தால் இந்தப் பயிர்த் தேர்வின் அருமை இன்னும் விளங்கும். தெற்கே அருகிலிருக்கும் எஸ்தெப்பா, ‘மந்தெகாதோ’ என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குப் பேர்போன ஊர். மாவு, பன்றிக் கொழுப்பு, சர்க்கரை, இலவங்கப்பட்டை சேர்த்துச் செய்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, நாடு முழுவதற்கும் அனுப்புகிறார்கள். அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செப்டம்பர் தொடங்கி டிசம்பர் நடுவரை இரவும் பகலும் ஓட்டம், பிறகு மறு ஆண்டுவரை அமைதி. இன்னொரு பக்கம் புவென்தே ஹெனில், சீமை மாதுளை விழுதுக்கும் தெரு அலங்கார விளக்குகளுக்கும் பெயர்பெற்றது. விளக்குக்கும் கிறிஸ்துமஸ்தான் உச்சம். ஆலிவ்வோ நவம்பரிலிருந்து ஜனவரிவரை. ஆக, வட்டாரம் முழுவதும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் மூச்சு முட்ட வேலை செய்துவிட்டு, வசந்தம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஆர்ட்டிசோக்கும் அவரையும் அறுப்புக்கு வருவது மார்ச்சிலிருந்து மே வரையில். நாட்காட்டியில் வெள்ளையாகக் கிடக்கும் மாதங்களுக்குள் அந்த இரண்டு பயிர்களையும் கொண்டுபோய்ச் செருகியவர் யாராக இருந்தாலும் அவர் ஒரு பொருளாதார மேதை. ஆகஸ்டை மட்டும் யாராலும் நிரப்ப முடியவில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை ஊரிலேயே கேட்டேன். சங்கத்தின் பேரணிகளுக்குப் போனவர்களுக்கு வேலையிலும் வீட்டிலும் முன்னுரிமை கிடைப்பதாக எதிர்க்கட்சியினர் நெடுங்காலமாகக் குற்றம் சாட்டி வருகிறார்கள். ஒரு கடைக்காரர், தம் மகன் பேரணிக்கு வராததால் பின்னுக்குத் தள்ளப்பட்டான் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. போராடியவர்களுக்குத்தான் நிலம் வந்தது என்ற நியாயம் முதல் தலைமுறைக்குப் பொருந்தும். நிலம் வந்த பிறகு பிறந்தவர்களிடம் அதே அளவுகோலை நீட்டுவது சரியாகாது. படித்த பிள்ளைகளுக்கு ஊரில் மிளகாயும் ஆலிவ்வும் தவிர வேறு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கும் அங்கே யாரிடமும் தெளிவான பதில் இல்லை. அந்த அம்மாளின் மகள் செவியாவில் செவிலியர்.

சந்தையும் இரக்கம் காட்டுவதில்லை. ஸ்பெயினின் கடைகளில் விற்கும் பிகியோ மிளகாயில் பெரும்பகுதி இன்று பெரு நாட்டில் விளைந்து, அங்கேயே உரித்து அடைக்கப்பட்டு வருகிறது. பெருவில் உரிப்பவரின் கூலி மரினாலேடாவின் கூலியில் ஒரு சிறு பங்கு. இரண்டு புட்டியும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆலிவ்வில் இன்னொரு நெருக்கடி. புதுத் தோட்டங்களில் மரத்தை வேலிபோல் நெருக்கமாக நட்டு, வரிசையின் மேலேயே ஊர்ந்துபோகும் இயந்திரத்தால் சில பேரே அறுவடையை முடித்துவிடுகிறார்கள். கூலி நாளைப் பெருக்கத் தேர்ந்தெடுத்த பயிர் ஒன்றை, கூலி நாளைக் குறைக்கக் கண்டுபிடித்த முறையோடு அதே எண்ணெய் விலையில் போட்டியிட வைக்கிறது சந்தை. கூட்டுறவு கடனிலும் காலதாமதமான கூலியிலும் சிக்கிய காலங்கள் உண்டு என்று உறுப்பினர்களே சொன்னார்கள்; நிலமோ இன்னும் அவர்கள் பெயரில் இல்லை, அரசின் பெயரில்தான் இருக்கிறது. 44 ஆண்டுகள் மேயராக இருந்த கோர்தியோ 2023 தேர்தலில் நிற்காமல் ஒதுங்கினார். அவருடைய அணியைச் சேர்ந்த இளையவர் ஒருவர் இப்போது அந்த இடத்தில் இருக்கிறார்.

பிகியோ புட்டி வாங்கும்போதெல்லாம் லேபிளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விளைந்த நாட்டைத் தேடிப் படிக்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. விலை வேறுபாட்டைப் பார்க்கும்போது, கட்டைவிரலால் ஒரு தள்ளு, கத்தி முனையால் ஒரு சுழற்று என்று அந்த மேசை நினைவுக்கு வரும்.

அக்டோபரில் கிளம்பிய நாளன்று காலை, தக்காளியைத் தேய்த்து எண்ணெய் ஊற்றிய ரொட்டியைத் தந்துவிட்டு, அந்த அம்மாள் நாட்காட்டியின் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டிக் காட்டினார். ஜனவரியில் கோடுகள் நெருக்கமாக இருந்தன. ஏப்ரலில் இடைவெளி விட்டு விட்டு, ஆனால் இருந்தன. ஆகஸ்டுத் தாளில் ஒன்றும் இல்லை. ஒரு மூலையில் பேரக்குழந்தையின் பிறந்தநாளை வட்டமிட்டிருந்தார். அக்டோபருக்குத் திரும்பி, முந்தைய நாளுக்கான கோட்டை மறந்துவிட்டதைப் பார்த்து, பேனாவைத் தேடத் தொடங்கினார்.